மிதித்த இடத்தில் நிற்காத கார்

என் அன்பு மனைவிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா?

1. நான் நலம்.
2. இரண்டு கார்கள்.
3. ஓர் உதவி.

முதலாளி தன் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களையும் ஓட்டி, ஒப்பிட்டு எழுதச் சொன்னார். புதிய ஜெர்மன் கார் பிரேக்கை மிதித்த இடத்திலேயே நிற்கிறது. அமெரிக்கக் கார் அறுபதுகளில் செய்தது, நேர்ச்சாலையில் பறக்கிறது. அதையும் ஜெர்மன் கார் கணக்கிலேயே மிதித்தேன். பாதை ஓரத்தில் தடுப்பாக வைத்திருந்த டயர் அடுக்கில் மோதித்தான் நின்றது. மூக்குக்கண்ணாடி மட்டும் உடைந்தது. மெக்கானிக் சிரித்தார்: “வயசான வண்டி பெரியவரே, சொன்னதும் நின்னுடுமா? நீங்க மட்டும் வயசாச்சுன்னு வேலைய நிறுத்திட்டீங்களா?”

என் பழைய கண்ணாடியை அனுப்பு. முகவரியை நீயே எழுது. உன் கையெழுத்தைப் பார்க்கலாம். அடுத்த மாதமும் ஓட்டச் சொல்கிறார் முதலாளி. இருக்கட்டுமா, வந்துவிடட்டுமா?

மெக்கானிக் கூப்பிடுகிறார். முதல் எண்ணில் ‘நலம்’ என்று எழுதியது தவறு. அந்தக் காரில் ஏற இன்னும் பயமாக இருக்கிறது.

உன் கணவன்