ஜீரோ வாட்ஸ் சிவப்பு

மே 4, ஞாயிறு

இன்று சொல்லாதது: அந்த பாத்ரூம் எனக்கு வேண்டும்.

சர்ச்சில் பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிடும்போது அம்மா சொன்னாள், அண்ணன் ஜெஃப்ரி கல்யாணத்துக்குள் மாடி பாத்ரூமுக்கு டைல்ஸ் போட வேண்டுமாம். இருபதாம் தேதிக்கு மேல் மேஸ்திரி வருவாராம். "பின்ன? சினேகா வந்து இவளோட குகையிலயா குளிக்கும்?" என்றான் ஜெஃப்ரி. அம்மாவும் அவனும் சிரித்தார்கள். நான் சட்னி கேட்டேன்.

ஜன்னலில் கறுப்பு சார்ட் ஒட்டி அங்கேதான் படம் கழுவுகிறேன். புனேயில் ஒரு புகைப்படக் காப்பகத்தில் ஆறு மாதப் பயிற்சி. இருட்டறையில் கையால் பிரிண்ட் போட்ட ஐந்து படங்கள் அனுப்ப வேண்டும். விண்ணப்பித்ததையே வீட்டில் சொல்லவில்லை.

மே 7

படம் மறுபடி சாம்பல். வெள்ளையாக இருக்க வேண்டிய ஓரம்கூட அழுக்குத் தண்ணீரில் அலசியது போல. மருந்து புதிதாகக் கலந்தும் அப்படியே. தாள் பழசா? நானா? ஆபீஸ் விட்டு வந்து நிற்கவே முடியவில்லை.

மே 10

சிவப்பு வெளிச்சம் போட்டோத் தாளைக் கெடுக்காது என்பார்கள்; அந்த விளக்கையும் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். இருட்டில் தாளின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சிவப்பு பல்பைப் போட்டுச் சற்று நேரம் விட்டு, தாளைக் கழுவினேன். நாணயம் இருந்த இடம் மட்டும் வெள்ளை வட்டம். சுற்றிலும் சாம்பல்.

பெயர் ஜீரோ வாட்ஸ். அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் பதினைந்து வாட்ஸ். பெயரை நம்பி எத்தனை தாள் போச்சு!

மே 12

கிழக்குத் தாம்பரம், கதிரேசன் எலெக்ட்ரிகல்ஸ்.

"செவப்பா? கோயிலுக்கா, சர்ச்சுக்கா?"

"பாத்ரூமுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாம் ஒரே செவப்புதாம்மா. எதுக்கு வோணா மாட்டிக்கலாம்."

எல்.இ.டி. ஒன்று வாங்கினேன். சிவப்பு மூடிக்குள் வெள்ளை வெளிச்சம். நாணயம் மறுபடி தெரிந்தது.

மே 14

ஹாலில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் எரிகிறதே, அந்தச் சிவப்பு விளக்கு? போன கிறிஸ்துமஸுக்கு ஜெஃப்ரி மாட்டியது. எங்கே வாங்கினான் என்றால் "ஏதோ பிளாட்பாரத்துல" என்கிறான். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போனதும் கழற்றிப் போய்ப் பரிசோதித்தேன். வட்டமே இல்லை. தாள் முழுக்க வெள்ளை. அம்மா வருவதற்குள் திரும்ப மாட்டிவிட்டேன்.

இனி கேட்க வேண்டும். கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும்.

மே 16

கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு, அம்மா சமையலறையில் இருக்கிறாள் என்று ஸ்டூல் மேல் ஏறினேன். பின்னாலேயே வந்து நிற்கிறாள்.

"ஆண்டவர் வெளக்கக் கழட்டி கக்கூஸ்ல மாட்டப் போறியாடி?"

ஸ்டூல் மேலேயே அழுதேன். என்னென்னமோ சொன்னேன் — புனே, அஞ்சு படம், டைல்ஸ் வேணாம்மா, எனக்குன்னு இந்த வீட்ல வேற எதும்மா இருக்கு? — அசிங்கம்.

அம்மா சுவிட்சை அணைத்தாள். "சூடா இருக்கும். துணி வச்சுக் கழட்டு."

அது சூடே ஆகாது. முந்தானையை நீட்டினாள், பிடித்துக் கழற்றினேன்.

என் ஜீரோ வாட்ஸை அங்கே மாட்டினாள். பாவமில்லையா என்று கேட்டேன். "அவரு ஏற்கெனவே கழுவின படம்தானே, கெட்டுப்போவ மாட்டாரு."

மே 18

ஐந்தும் வந்துவிட்டன. வெள்ளை வெள்ளையாக. கடைசிப் படத்துக்கு அம்மாவும் உள்ளே வந்து வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். பீச் ஸ்டேஷன் மின்சார ரயிலில் ஜன்னலோரம் தூங்கும் பெண்கள், மருந்துத் தண்ணீருக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக. "பாவம், எந்த ஸ்டேஷன்ல எறங்கணுமோ" என்றாள்.

மே 19

தபாலில் சேர்த்தேன். காலெல்லாம் வலி.

ஜூன் 9

புனேயிலிருந்து மெயில். தேர்வாகவில்லை. அம்மாவிடம் உடனே சொன்னேன். "சரி, சாப்பிடு" என்றாள்.

இருபதுக்கு மேல் வருவதாக இருந்த மேஸ்திரி இன்று மதியம்தான் வந்தார். அம்மா அவரை மாடிக்கு அழைத்து வரவில்லை. கீழே தன் அறையில் இருக்கும் பாத்ரூமைக் காட்டினாள். அந்த அறை இனி ஜெஃப்ரிக்கும் சினேகாவுக்கும்.

சாயங்காலம் அம்மாவின் கட்டிலை நானும் ஜெஃப்ரியும் மாடிக்குத் தூக்கி வந்து என் அறையில் போட்டோம்.