நிலா வந்து உலை வைக்கும்

ஜூன் 3, செவ்வாய்

மங்களம் ஜொகூரில் இருந்து போன் செய்தாள். மகள் தினேஸ்வரி வேலைக்குத் திரும்புகிறாளாம், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அதனால் வருஷக் கடைசி வரை அங்கேயே இருக்கப் போகிறாளாம். "நீங்களும் வந்துடுங்களேன், ரூம் சும்மாதான் கெடக்கு" என்றாள்.

மருமகன் வீட்டு ரூமில் ஒண்டவா நான் பிறந்தேன்? சுங்கை சிப்புட் தோட்டத்தில் ஒற்றை ஆளாகப் புலியை விரட்டியவன். ஒரு புலி என்றுதான் எழுதுகிறேன். இரண்டு என்றால் நம்பமாட்டார்கள்.

வரமாட்டேன் என்று வைத்துவிட்டு என் பாட்டைப் போட்டேன்.

நீ போன பின்னாலும் நிலா வந்து உலை வைக்கும்
காற்று வந்து வாசல் கூட்டும்

இது ஆண்பிள்ளை பாட்டு.

ஜூன் 5

இந்தப் பாட்டின் பொருள் ஈப்போவில் ஒருத்தனுக்கும் தெரியாது. எழுதி வைக்கிறேன், பின்னால் உதவும். நிலா என்றால் சும்மா நிலா இல்லை, இயற்கை. இயற்கையே இறங்கி வந்து ஒருத்தனுக்குச் சோறு பொங்குகிறது என்றால் அவன் எப்பேர்ப்பட்ட ஆள்? ராஜா. காற்று அவனுக்கு வாசல் கூட்டுகிற வேலைக்காரி. பெண்டாட்டி போனால் என்ன, வானமே வேலைக்கு வரும். நான் படித்தது ஆறாம் வகுப்பு. பட்டம் வாங்கியவன் இவ்வளவு ஆழம் இறங்கினால் மூச்சு முட்டிச் செத்துப்போவான்.

தோட்டத்துத் திடலில் படம் காட்டிய அன்று கேட்டேன். மறுநாளே மனப்பாடம். மங்களத்தைப் பெண் பார்க்க பீடோரில் இருந்து மாப்பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். நான் பாடினேன். வரிசை கலைந்தது.

ஜூன் 6

மசாலாத் தூளை எங்கே வைத்தாளோ. கடையில் சாப்பிட்டேன். மட்டமான கறி.

ஜூன் 8, ஞாயிறு

பக்கத்து வீட்டு லூயிஸ் சர்ச்சில் இருந்து வந்து வேலியோரம் நின்றான்.

"மச்சான், நாலு நாளா அதே பாட்டா? பாவம் லா அந்த ஆளு."

"எந்த ஆளு?"

"பாடுறவன்தான். அழுவுறான் லா."

"நெஞ்ச நிமித்திப் பாடுறான். ஒனக்கு அழுவுற மாரி இருக்கா?"

"வீட்டுலதான் யாருமே இல்லியே. பின்ன யாருகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கான்?"

ஆயுள் முழுக்க டயருக்குக் காற்றடித்தவன் எனக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறான். அவன் மனைவி எல்ஸி ஒரு படி மேலே. "அண்ணே, அது ஜோடிப் பாட்டுதானே? மங்களம் அக்கா பதிலுக்குப் பாடுமே" என்றாள். இடையில் ஒரு பெண் குரல் ரெண்டு வரி முனகும். அதையெல்லாம் எவன் கணக்கில் எடுப்பான்? மங்களமும் அடுப்படியில் இருந்து கூடவே முனகுவாள். நான் ஸ்பீக்கரைக் கூட்டி வைப்பேன்.

சனிக்கிழமை லூயிஸுக்கு அறுபது. கராவோக்கே உண்டாம். அன்றைக்குத் தெரியும், யார் அழுகிறான் என்று.

ஜூன் 11

"சாப்டீங்களா?" என்றாள் மங்களம். கோழிக் கறி, ரசம், பொரியல், எல்லாம் என் கையால் என்றேன். "மசாலா எங்க இருந்துச்சு?" என்றாள். லைன் சரியில்லை, வைத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

ரோட்டை மறித்துக் கூடாரம். எனக்கு முன்னால் நாலு பேர் பாடினார்கள். பாட்டா அது? கறியாகிவிட்ட ஆடே எழுந்து ஓடியிருக்கும்.

நான் மைக்கைப் பிடித்ததும் எங்கள் புந்தோங் வட்டாரமே நின்றது. ஆண் பாடுகிற வரி திரையில் நீல எழுத்து. பறந்தேன். நிலா உலை வைத்தது, காற்று வாசல் கூட்டியது. அதற்குப் பிறகு எழுத்து ரோஸ் நிறமாகிவிட்டது.

உலை வைக்கும் நிலாவுக்கு
அரிசிப் பானை தெரியுமா?
வாசல் கூட்டும் காற்றுக்கு
உன் வருத்தம் புரியுமா?

யாரும் பாடவில்லை. இசை மட்டும் போகிறது. எல்லாரும் கையில் தட்டோடு என்னைப் பார்க்கிறார்கள். ரோஸ் எழுத்து முடியவே இல்லை, வந்துகொண்டே இருக்கிறது. ரெண்டு வரியா இது? பாதிப் பாட்டு! இவ்ளோவுமா அவ அடுப்படியில நின்னு பாடுனா?

திரும்ப நீலம் வந்தது. குரல் வரவில்லை. எல்ஸி கறியில் மிளகாயை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். லூயிஸ் வந்து மைக்கை வாங்கிக்கொண்டு, "உக்காரு மச்சான்" என்றான். அதற்கு அவன் கேலியே பண்ணியிருக்கலாம்.

ஜூன் 15

மைக் மட்டம் என்று லூயிஸிடம் சொன்னேன். "ஆமா மச்சான், மைக்குதான்" என்றான். உடனே ஒத்துக்கொண்டானே, அதுதான் பிடிக்கவில்லை.

மத்தியானம் பாட்டைப் போட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்று கேட்டேன். அங்கே நின்று கேட்டால் அந்த ஆள் பாடுகிற மாதிரியே இல்லை. சும்மா கத்துகிறான்.

ஜூன் 17, செவ்வாய்

மங்களத்துக்கு நானே போன் போட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் வருவதாகச் சொன்னேன்.

"என்னாங்க, திடீர்னு?"

"மருமவனுக்குப் புள்ளயத் தூக்கத் தெரியலயாம். கேள்விப்பட்டேன்."

"மசாலா பிஸ்கட் டின்னுக்குள்ள இருக்கு, மேல்தட்டுல" என்றாள். இப்போது சொல்கிறாள்.

வீட்டுச் சாவியை எல்ஸியிடம் கொடுத்தேன்.

"எப்பண்ணே திரும்பி வருவீங்க?"

"அக்கா வாரப்ப வருவேன். அதுக்குள்ள நிலா வந்து நின்னா கதவத் தொறந்துறாத. அரிசி எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது."