மூன்றாம் மாடியில் கதவைத் தட்டியவர்

விறகுப் புகை வாசம் போகாத என் அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்கத்தான் முதலில் கை போகிறது. இருபத்திரண்டு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது? நாலு பேர் பார்த்துப் படிக்கிற மாதிரித்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் தப்புச் செய்ததும் நாலு பேர் முன்னால்தான்.

மே மாத லீவுக்கு எங்கள் குடும்பமும், உங்கள் மருமகனோடு வேலை பார்ப்பவரும் அவர் மனைவி பர்வீனும் சேர்ந்து ஊர் சுற்றக் கிளம்பினோம். சும்மா இல்லை. பேய் இருப்பதாகச் சொல்லும் லாட்ஜுகளாகத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நாள் தங்குவதாகத் திட்டம். அருப்புக்கோட்டை வெயிலில் மண்டை காய்ந்தவர்களுக்கு வேறென்ன யோசனை வரும்? பட்டியல் போட்டவளே நான்தான். ஏற்காட்டில் ஒன்று, ஊட்டியில் ஒன்று. எந்த அறையில் என்ன பேய், எத்தனை மணிக்கு வரும் என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

மூன்றாவது இடத்தைப் பர்வீன் கண்டுபிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். கொடைக்கானலில் ஒரு பழைய லாட்ஜ். மூன்றாம் மாடியில் விடிகாலை ஐந்து மணிக்குக் கதவை யாரோ இரண்டு தட்டுத் தட்டுவார்களாம். ஒரு இருமல் கேட்குமாம். "வெந்நி வந்துருச்சுங்க, ஆறிரப் போகுது" என்று குரல் வருமாம். திறந்தால் ஆள் இருக்காதாம். அங்கே வேலை பார்த்துச் செத்துப்போன வெந்நீர்க்காரன் ஒருத்தனாம்.

லாட்ஜின் பேர் மாறியிருந்தது, பெயிண்ட் மாறியிருந்தது. ஆனால் படத்தில் இருந்த மரப்படிக்கட்டை, பள்ளி லீவில் உங்கள் பின்னாலேயே ஏறி இறங்கிய எனக்குத் தெரியாதா? அந்த இரண்டு தட்டும் இருமலும் யாருடையது என்று தெரியாதா?

குரூப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பு எமோஜி போட்டேன். ஒன்று இல்லை அப்பா, மூன்று.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே என் அப்பா லாட்ஜ் மேனேஜர் என்றுதான் சொல்லிக்கொள்வேன். தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்த உங்கள் மருமகன் வீட்டாரிடமும் அதையே சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பருத்தி வெள்ளாமை கைவிட்ட பிறகு மலையேறிப்போய், அடுப்பில் விறகு தள்ளி, மாடி மாடியாக வாளி தூக்கி என்னைப் படிக்க வைத்தீர்கள். அந்தப் படிப்பில் நான் கற்றுக்கொண்டது உங்களை மறைக்கத்தான்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே விழுந்தபோது, உங்களை எடுத்துவர அம்மாவும் நானும் வேனில் வந்தோம். வெளியூரில் இறந்தவரை, அந்த இடத்து வாசலில் நின்று பெற்ற பிள்ளை மூன்று முறை சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். கூப்பிடாவிட்டால் உடம்புதான் வீடு வந்து சேரும், அவர் அங்கேயே நின்றுவிடுவார் என்பார்கள். அம்மா உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னை அனுப்பினாள். வாசலில் தொப்பியும் கேமராவுமாக டூரிஸ்ட் கூட்டம். என் வயதுப் பெண்கள் இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. வேனுக்குத் திரும்பி, கூப்பிட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் திருச்சுழியில் உங்களுக்குத் திதி கொடுக்கப் போகும்போது அம்மா கேட்பாள், "நல்லா சத்தமாத்தானடி கூப்பிட்ட?" என்று. ஆமாம் என்பேன். பர்வீன் அனுப்பியதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கிறீர்களா? இத்தனை வருஷமும் வாளியைப் பிடித்துக்கொண்டா?

அந்த லாட்ஜ் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்று பயந்து சொல்லவில்லை. போனோம். ஐந்து மணிக்கு எல்லாரும் எங்கள் அறையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். இரண்டு தட்டு. ஒரு இருமல். உங்கள் மருமகன் சட்டென்று கதவைத் திறந்தார்.

படிக்கட்டுப் பக்கம் நழுவப் பார்த்த ஒரு பெரியவர் அகப்பட்டுக்கொண்டார். உங்களோடு அடுப்படியில் வேலை பார்த்த எம்.ரெட்டியபட்டி ஊர்க்காரர் மாடசாமி மாமா. கீஸர் வந்த பிறகு அவருக்கு வெந்நீர் வேலை இல்லை. பேய் பார்க்க வருகிறவர்களுக்காக, உங்களைப் போலவே தட்டிவிட்டு ஒளிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் லாட்ஜுக்காரர்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கூசிப்போய் நின்றார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"தாயி, நீ எங்க வெந்நிக்காரண்ணன் மகதான? அவுக சாடை அப்பிடியே இருக்கு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இல்லைங்க. நீங்க வேற யாரோன்னு நெனச்சுட்டீங்க" என்றேன்.

"அவுக தட்டுனா தூங்குற பிள்ளைய எழுப்புற மாதிரி இருக்கும் தாயி. எனக்கு அந்தத் தட்டு வரல" என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார்.

தட்டியது நீங்கள் இல்லை என்று தெரிந்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. அன்றைக்கு உங்களைக் கூப்பிடவில்லை. இன்றைக்கு உங்களைத் தெரியாது என்றுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது அப்பா, வேறு வார்த்தை இல்லை.

பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் உங்கள் மருமகனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மேனேஜர் பொய்க்காகக் கோபப்படுவார் என்று நினைத்தேன். முதலில் சிரித்தது தான்தானே என்று அவரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். குரூப்பில், அந்த வெந்நீர்க்காரர் என் அப்பா என்று எழுதினேன். பர்வீன் நேராக வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவிடம் சொல்வதற்குத்தான் இரண்டு நாள் ஆனது. அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அவுக இன்னும் வீட்டுக்கு வரலையா?"

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் அப்பா. கூட்டம் நெரிகிற பகல் நேரமாகப் பார்த்தே வருவேன். முதலில் மாடசாமி மாமாவைத் தேடிப்போய், ஆமா மாமா, நான் அவர் மகள்தான் என்பேன். பிறகு வாசலில் நின்று, யார் பார்த்தாலும், யார் செல்போனில் பிடித்தாலும், மூன்று முறை கூப்பிடுவேன். மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும். வாளியை அங்கேயே வைத்துவிட்டு வாங்க. வீட்டில் உங்களுக்கு நான் வெந்நீர் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
வெந்நீர்க்கார ராமையாவின் மகள்
முத்துலட்சுமி