நான் போடாத இனிஷியல்

இன்று காலை பாணேரில் மகள் வீட்டில் மருமகன் ஒரு புது பைனாகுலரைப் பிரித்தார். கண் வைக்கும் ரப்பரின் நாற்றம் எழுந்தது. தேஹு ரோடு ராணுவ டெப்போவில் பைனாகுலர் பழுதுபார்க்கும் மேஜையில் நீரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து வருஷக்கணக்கில் முகர்ந்த அதே நாற்றம்.

"பாருங்க மாமா, செம கிளாரிட்டி."

கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, நாலு விரற்கடை தள்ளிப் பிடித்தேன். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி இரண்டாகி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது.

"கோணல். திருப்பி அனுப்புங்க."

"எனக்கு ஒண்ணாதான் மாமா தெரியுது."

நீர் சொன்ன அதே வார்த்தை. செத்து ஏழு மாதம் ஆகியும் உம் வாய் மூடவில்லை.

பத்தாவதைத் தாண்டாதவன் நான். பிரிஸம் எப்படி நகரும், திருகாணியை எவ்வளவு திருகலாம் என்று எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். ஒட்டிப் பார்த்தால் கோணலைக் கண்ணே இழுத்துப் பிடித்துச் சரிசெய்துவிடும். தலைவலி பிறகு வரும். தள்ளிப் பிடித்தால்தான் குட்டு வெளிப்படும். அதனால்தான் ஒவ்வொன்றையும் இருவர் பார்ப்பது, சரியென்றால் இருவரும் சீட்டில் இனிஷியல் போடுவது என்ற வழக்கம்.

அன்று நான் ஐந்து பைனாகுலர்களைக் கோணல் என்று ஒதுக்கி வைத்தேன். சரக்கு அனுப்பும் அவசரத்தில் மேலதிகாரி வந்து நின்று "சலேகா, சலேகா", இதுவே போதும், என்றார். நீர் ஐந்தையும் கண்ணோடு ஒட்டிப் பார்த்தீர்.

"எனக்கு ஒண்ணாத்தான் வே தெரியுது."

"தள்ளிப் பிடிச்சுப் பாரும்."

"அந்தாளு நிக்கான். சும்மா கெடயும் வே."

கோபத்தில் சாப்பிடப் போய்விட்டேன். போயிருக்கக் கூடாது.

தலைச்சுற்றல், வாந்தி என்ற புகாரோடு ஐந்தும் திரும்பி வந்தன. விசாரணையில் சீட்டுகளை மேஜையில் பரப்பினார்கள். ஐந்திலும் உம் இனிஷியலுக்குப் பக்கத்தில் என் இனிஷியல், உம் கையால். என் எஸ்ஸின் வாலைக்கூட நன்றாகவே வளைத்திருந்தீர். முதலில் பார்த்துச் சரியென்றது யார் என்று கேட்டார்கள். நீர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்ஹோன்னே, சாப்" என்று என்னைக் காட்டினீர்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை நான் பெட்டிகளுக்கு ஆணி அடித்தேன். நீர் அதே நாற்காலியில் இருந்தீர். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினீர். அதைக் காக்கைக்குப் போட்டேன்.

கடைசியில் தளேகாவ் ஆஸ்பத்திரிக்கு ஆள்விட்டுக் கூப்பிட்டீர். என் கையைப் பிடித்து, "அத நாந்தான் போட்டேன் வே. மனசுல வச்சுக்கிடாதேயும்" என்றீர்.

"எழுதித் தாரும்."

சட்டைப்பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து உம் போர்வைமேல் வைத்தேன்.

"இந்த நெலமையிலயா அண்ணாச்சி காயிதத்த நீட்டுதீய?" என்று உம் மனைவி அழுதார்.

நீர் பேனாவை எடுத்தீர். கதவருகே உம் மகன் வந்து நிற்பதைக் கண்டதும் கீழே வைத்துவிட்டீர். அவன் முன்னால் கெட்டவனாக உமக்கு மனமில்லை. என் பிள்ளைகள் முன்னால் நான் இத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தேன்?

சாகக் கிடப்பவனிடம் தாள் நீட்டிய என்னை நினைத்தாலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போடவில்லை. ஓய்வூதியக் காகிதங்களுக்கு நடுவில் நாலாக மடித்து வைத்திருக்கிறேன். பேனா முனை பட்ட ஒரு புள்ளியைத் தவிர அதில் ஒன்றுமில்லை. நீர் எழுந்து வந்து இன்னொரு முறை கையைப் பிடித்தாலும் அதையேதான் நீட்டுவேன்.