மீ லாபீ என்று தெரு கத்தும்போது

இன்று மிங்கலாடோனில் ஒரு மாடி வீடு. ஏசியின் வெளிப்பெட்டியைத் திறந்து இரண்டு கைகளையும் உள்ளே விட்டிருந்தேன். அப்போது தெருவே சேர்ந்து கத்தியது: "மீ லாபீ!" பர்மிய மொழியில், மின்சாரம் வந்துவிட்டதாம். சொல்லாமல் போவதும் சொல்லாமல் வருவதும் நம் ஊர் மின்சாரத்தின் குணம். வந்தவுடன் பெரியவர் சிறியவர் எல்லோரும் பந்தாட்டத்தில் கோல் விழுந்ததுபோல் கூச்சல் போடுவது நம் ஊர்க்காரர்களின் குணம். எனக்கு மட்டும் அந்தக் கூச்சல் சந்தோஷம் தருவதில்லை. கைகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். வலது கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே உன் கயிறு தொங்குகிறது.

அந்தத் தின்கன்ஜூன் வீட்டை உன்னால் மறந்திருக்க முடியாது. கடைசி மாடி, ஓய்வுபெற்ற பர்மியக் குமாஸ்தா, கட்டிலில் அவர் மனைவி. சித்திரை வெயிலில் அந்த அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அறையைக் குளிர்ச்சியாக வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார்; ஏசியோ முதல் நாளே நின்றுவிட்டது. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது இன்வெர்ட்டர் மாடல் வைக்கலாம் என்றேன் நான். நீ என்னை முறைத்தாய்.

"புதுசு வந்து சேர்றதுக்குள்ள அந்தம்மா என்ன ஆவாங்க? இதுக்கு கெபாசிடர்தான்டா போயிருக்கு. மாத்தினா ஓடும்."

அப்போது மின்சாரம் இல்லை. இல்லாத மின்சாரத்தை நம்பி வேலை செய்யும் ஆள் இல்லை நீ. வாசல் மின்பலகையிலிருந்து பீங்கான் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். நாம் சேர்ந்து தொழில் தொடங்கிய நாளிலிருந்து நீ விடாத வழக்கம் அது. "யார் கை உள்ள இருக்கோ, பியூஸ் அவன்கிட்டதான் இருக்கணும்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம். உன் இடுப்பில் கட்டிய கயிற்றை நான் உள்ளே நின்று முழங்கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். நீ இறங்கியதுமே சட்டை துருப்பிடித்த தாங்குகம்பியில் மாட்டிக்கொண்டது. எரிச்சலில் அதைக் கழற்றி என் தோளுக்கு மேல் உள்ளே வீசினாய். பியூஸ் அதற்குள் இருந்தது உனக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

தரையில் கிடந்த சட்டையை அந்தப் பெரியவர் எடுத்தார். விருந்தாளியின் சட்டை தரையில் கிடந்தால் அவருக்குப் பொறுக்குமா? உதறினார், மடித்தார். பியூஸ் கீழே விழுந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துத் தெரு கத்தியது.

திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் வெள்ளையாகப் பீங்கான். முகமெல்லாம் சிரிப்பு. மறதியில் நாம் விட்டுவிட்டோம் என்று நினைத்திருக்கிறார் மனிதர். மனைவிக்கு மின்விசிறி சுழல வேண்டும், அதற்குள் மறுபடி போய்விட்டால்? வாசல் பக்கம் ஓடினார். கயிற்றை விட்டால் நீ இல்லை. விடாவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

"போடாதீங்க! ஐயோ, பியூஸ போடாதீங்க!"

தொண்டை கிழியக் கத்தினேன். தமிழில் கத்தினேன். காலையிலிருந்து அவரோடு பர்மியில் பேசியவனுக்கு அந்த நொடியில் ஒரு பர்மிய வார்த்தைகூட வாயில் வரவில்லை. ஏதோ சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று எண்ணி அவரும் "மீ லாபீ!" என்று எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனார். வெளியே தெருவின் கூச்சலில் நான் கத்தியது உனக்கும் கேட்கவில்லை.

கயிற்றை இழுத்தேன். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். உன் முதுகு ஜன்னல் சட்டத்தில் மோதிய சத்தம் கேட்டது, நீ என் பரம்பரையையே திட்டியதும் கேட்டது. உன் கையிலிருந்து நழுவிய திருப்புளி பெட்டிக்குள் விழுந்து படீரென்று நீலமாகப் பொறி பறந்தது. என் தலைக்கு மேலே மின்விசிறி சுழலத் தொடங்கியிருந்தது. நீ திட்டுவதை நிறுத்தினாய்.

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாய். உன் முதுகில் ரத்தம். பெரியவருக்கு அப்போதுதான் புரிந்து, உன் முன்னால் மண்டியிட்டு அழுதார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு பர்மியில் சொன்னாய்: "ஊலேஜீ, பெரியவரே, உங்க தப்பு இல்ல. சட்டைய கழட்டினது நான்." பிறகு என்னிடம் திரும்பினாய்.

"உசுரு போற நேரத்துல தமிழ்ல கத்துறியே. அவரு என்ன உங்க கோயில் கமிட்டியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ எழுந்து போய் பியூஸை மறுபடி பிடுங்கி வந்து ஜன்னலில் கால் வைத்தபோது கோபம்தான் வந்தது. கயிற்றைத் தொடமாட்டேன் என்றேன். நீ கட்டிலைக் காட்டினாய். "அந்தம்மா வெந்துகிட்டு இருக்காங்கடா. பிடி." பிடித்தேன். நீ வேலையை முடிக்கும்வரை பியூஸ் உன் பற்களுக்கு நடுவில் இருந்தது. சாயங்காலம் அந்த அறை குளிர்ந்தது, அம்மா தூங்கினார்.

மறுநாள் உன் கழுத்துக் கயிற்றில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பியூஸ் இயேசுவோடு சேர்ந்து உன் நெஞ்சில் தொங்கியது. உன் மனைவிக்கு அது பிடிக்கவே இல்லை. "சாமி பக்கத்துல கண்டதையும் மாட்டுறாரு" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். எத்தனை ஜன்னல்களுக்கு வெளியே உன்னைப் பிடித்திருந்தேன்! உனக்கோ வீட்டு நாற்காலியில், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு நின்றது. அங்கே இழுக்க எனக்கு ஒரு கயிறு இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சிலுவையை உன்னோடு சவப்பெட்டியில் வைத்துவிட்டு, கொக்கியோடு இருந்த கயிற்றை உன் மனைவி என்னிடம் கொடுத்தாள். "இதுக்கு நீங்கதான் சரி" என்றாள். திருநீறு பூசுகிற கழுத்தில் அன்றே மாட்டிக்கொண்டேன்.

இப்போது புது வீடுகளில் பீங்கான் பியூஸ் இல்லை. பிரேக்கர் சுவிட்சை இறக்கி, பெட்டிக்கு என் பூட்டைப் போட்டு, சாவியை அந்தக் கொக்கியில் மாட்டுகிறேன். இன்றும் அப்படித்தான் செய்திருந்தேன். என் இடுப்புக் கயிறு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. உனக்குப் பிறகு அதை வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. கம்பி விழாமல் தாங்கும். ஆனால் அது தெருக் கூச்சலைக் கேட்காது, திரும்பிப் பார்க்காது, இழுக்காது.

அதனால் சாவியைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. அதன் பிறகுதான், தெரு ஓய்ந்து வெகுநேரம் கழித்து, நானும் தனியாகக் கத்தினேன்: "மீ லாபீ!"