நானூற்றுப் பதினேழு

அன்புள்ள மகளுக்கு,

போன மாதம் எனக்கு எடுத்த சோதனை பற்றி நீ அனுப்பிய ஆஸ்பத்திரித் தாள் கிடைத்தது. 'சராசரி பதினான்கு மாதம்' என்ற இடத்தில் நீ கோடு போட்டிருந்ததையும் பார்த்தேன். அது கிடக்கட்டும்.

இங்கே பனி உருகிவிட்டது. நேற்று பொறியைத் திறந்தால், காதில் நானூற்றுப் பதினேழு என்று எண் போட்ட காட்டெலி உட்கார்ந்து ஓட்ஸ் தின்றுகொண்டிருந்தாள். போன அக்டோபரில் அவள் ரத்தத்தைச் சோதித்தபோது நோய் எதிர்ப்புச் சக்தி இருந்ததாகவே தெரியவில்லை. வயிறு நிறையப் புழு, காது நிறைய உண்ணி. பனியைத் தாண்டமாட்டாள் என்று நானே குறிப்பில் எழுதினேன். அன்று ரத்தம் அமோகமாக இருந்த எலிகளில் ஒன்றுகூட இன்னும் பொறிக்கு வரவில்லை. இவள் சினையாக வந்திருக்கிறாள்! கையுறையைத் தாண்டி என் விரலைக் கடித்தும் விட்டாள்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கணக்குப் பார்க்கும் வெய்க்கோவுக்குத்தான் எரிச்சல்.

"இந்த ஒண்ணு மொத்த அட்டவணையையும் கெடுக்குதுக்கா. தூக்கிடலாமா?"

"தூக்கித்தான் பாரேன். உன்னையும் பொறியில அடைச்சு, ஒரு கேரட்டைப் போட்டு மூடிடறேன்."

"அவ என்ன உங்களுக்குச் சொந்தமா?"

"ஆமா, போன மாசத்துலேர்ந்து."

அவன் சிரிக்கவில்லை. அவளை அட்டவணையிலிருந்து எடுக்கவும் இல்லை.

ஹெல்சின்கிக்கே வந்துவிடு என்கிறாய். மருந்து ஏற்றும் நாளில் பஸ் பிடித்து வருவேன், மறுநாளே திரும்பிவிடுவேன். ஜூலையில் அவள் குட்டிகளுக்கு எண் போடவேண்டும். அடுத்த வருஷம் செப்டம்பரில் பேத்திகளுக்கு.

முப்பத்தொரு வருஷமாக எலி பிடிக்கிறேன். சராசரி எலி ஒன்றுகூட என் பொறியில் விழுந்ததில்லை.

எழுத வேறு தாள் தேடவில்லை. நீ அனுப்பியதன் பின்பக்கமே போதுமானதாக இருந்தது.

கடிபட்ட விரலோடு,
அம்மா