வேட்டிக் கறையும் பாலத்து ரயிலும்

அண்ணாச்சி,

இன்று காலை என் மனைவி துவைக்கிற கல்லருகே நின்று, என் வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கப் போகிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள். வலது முழங்கால் படுகிற இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. கிட்டே போனால் கிரீஸ் வாசனை. சோப்புப் போட்டாயிற்று, எலுமிச்சம்பழம் தேய்த்தாயிற்று. கறை கொஞ்சம் அகலமானதுதான் மிச்சம்.

எனக்கு உங்கள் வேட்டி ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கட்டுகிற எல்லா வேட்டியிலும் இதே இடத்தில் இதே கறை. பதினோரு வருடம் பார்த்திருக்கிறேன். தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு எந்தப் பேருந்தில் ஏறினாள் என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருக்கிற நான், கண்ணுக்கு நேரே இருந்த கறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக முதலில் என் மேலேயே கோபம். மீதி மொத்தமும் உங்கள் மேல்தான். இந்தக் கடிதத்தில் அதைத்தான் கொட்டப்போகிறேன். குறுக்கே பேச உங்களால் முடியாது என்பது எனக்குக் கிடைத்திருக்கிற ஒரே சௌகரியம்.

பாளையங்கோட்டையில் உங்கள் வீட்டு மாடி அறை. பத்தடிக்கு ஆறடி மேசை. அதன்மேல் நெல்லை, சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று நான்கு ஸ்டேஷன்கள். நடுவில் பிசின் ஊற்றி உறையவைத்த தாமிரபரணி, அதன்மேல் கல்தூண் பாலம். பாத்திரம் தேய்க்கிற பஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயம் ஏற்றிய மரங்கள். சணல் சாக்கு நூலில் நெல் வயல். எல்லாம் அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. வளர்ந்த ஆண்கள் மூன்று பேர் ஞாயிறுதோறும் கூடி பொம்மை ரயில் விடுகிறோம் என்று தெருவில் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களில் என் மனைவியும் உண்டு, என் மாமியாரும் உண்டு.

நீங்கள் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலையில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூட எழுத்தர். மூன்றாவது ஆள் ஜெபராஜ் சார், கணக்கு வாத்தியாராக இருந்தவர். கோயில் ஆராதனை முடிந்ததும் அதே வெள்ளைச் சட்டையோடு நேராக மாடிக்கு வந்து, பையிலிருந்து இரும்பு அடிக்கோலை எடுப்பார். ஒருமுறை நான் ஆசையாகச் சேரன்மாதேவி பிளாட்பாரத்தில் ஒரு நாய்ப் பொம்மையை வைத்தேன். சார் அதை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எண்பத்தேழால பெருக்கிப் பாரும் வே. இது நாய் இல்ல, எருமை."

"சரி சார், எருமைன்னே வச்சுக்கிடுவோம்."

"எருமை எதுக்கு வே பிளாட்பாரத்துல நிக்கி?"

நீங்கள் ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலரின் திருகைப் பையத் திருப்பிக்கொண்டே, "அம்பாசமுத்திரம் போகும், விடுங்க சார்" என்றீர்கள்.

இப்படித்தான் நம் பேச்சு. சேரன்மாதேவி ஸ்டேஷனில் நிற்பது வேம்பா புங்கையா என்று நான்கு வாரம் மல்லுக்கட்டினோம். கடைசியில் நேரில் பார்த்துவிடலாம் என்று மூன்று பேரும் பாசஞ்சரில் ஏறிப் போனோம். இறங்கியதும் சார் பிளாட்பாரத்தின் நீளத்தைக் காலடியால் அளக்க ஆரம்பித்தார். நீங்கள் சிக்னல் கம்பத்தடியில் குந்திக்கொண்டீர்கள். நான் வடை வாங்கப் போய், கடைக்காரரின் மைத்துனர் விவகாரத்தை முழுசாகக் கேட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பேட்டை தாண்டியதும்தான் மரத்தைப் பார்க்கவில்லை என்பது மூன்று பேருக்கும் உறைத்தது. அடுத்த ஞாயிறு சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அந்த ரயிலுக்கு ஒரு வியாதி இருந்தது. நன்றாகத்தான் ஓடும். பதினொன்றரைக்கு மதினி காப்பி கொண்டு வருவார்கள். குடித்து முடித்து நான் எழுந்து வேட்டியை உதறிக் கட்டுவேன், சார் அடிக்கோலைப் பைக்குள் வைப்பார். சரியாக அப்போது, கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்தின் நடுவில் வந்து ரயில் நின்றுவிடும். தட்டிப் பார்த்தாலும் நகராது. அப்படியே விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனசு வராது. சார் மறுபடி உட்காருவார். நான் மேசைக்கு அடியில் நுழைவேன்.

மேசைக்கு அடியில் இருந்தது நரகம். எல்லா ஒயரும் ஒரே சிவப்பு, கொத்துக்கொத்தாகச் சேமியா மாதிரி. வேறு நிறம் வாங்கக்கூடாதா என்று கேட்டதற்கு, "மின்சாரத்துக்கு என்ன வே கண்ணா இருக்கு, நிறம் பாத்துப் போக?" என்றீர்கள். நான் படுத்துக்கொண்டு பழைய இணைப்பைச் சுரண்டிவிட்டு, சூட்டுக்கோலால் உருக்கிப் புதிதாக ஈயம் வைப்பேன். மேலே நீங்களும் சாரும் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஒரு மணி, ஒன்றரை மணி. பிறகு திடீரென்று ரயில் கிளம்பும். நீங்கள் குனிந்து என் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வீர்கள்.

"உம்ம ஈயம்தான் வே காரணம். சூடு பத்தல. ஒரு வாரத்துல விட்டுப்போகும்."

பதினோரு வருடம், அண்ணாச்சி. என் கைவேலையால்தான் ரயில் நிற்கிறது என்று நம்பி, வீட்டில் பழைய ரேடியோவைப் பிரித்து வைத்துப் பயிற்சி செய்தேன். சூட்டுக்கோல் பட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று ஓட்டை விழுந்தது. அதற்கு வாங்கிய ஏச்சு இன்னும் முடியவில்லை. இரண்டு தடவை உங்களிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவால்ல வே, பழகப் பழக வரும்" என்று என் தோளில் வேறு தட்டினீர்கள்.

கடைசி ஞாயிறும் ரயில் பாலத்தில் நின்றது. ஒன்றரை மணி வரை பார்த்தோம். எனக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. "அப்படியே கெடக்கட்டும். அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்" என்றீர்கள். புதன்கிழமை விடியற்காலை நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் உங்களைக் கொண்டுபோக முடிந்தது.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு மதினி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து மகள் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடப்போவதாகவும், மாடி அறை தேவைப்படும் என்றும் சொன்னார்கள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஓடுத ரயிலுன்னா அவுக நெனப்பா இருக்கட்டும்னு சொல்லிருவேன். ஓடாம பாலத்துல நிக்குததப் பாத்தா எனக்கு என்னமோ செய்யுது தம்பி. பொங்கலுக்குள்ள ஓட்டிப் பாருங்க. இல்லன்னா பிரிச்சு எடுத்துக்கிடுங்க" என்றார்கள்.

மூன்று மாதம் முயன்றோம். மின்சாரத்தைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்தது, தொட்டால் அடிக்கும் என்பது மட்டும். பாலத்தின் இணைப்பு எல்லாவற்றிலும் புதிதாக ஈயம் வைத்தேன். நன்றாகச் சூடாக்கித்தான் வைத்தேன். சார் சிவப்பு ஒயர்களுக்கு எண் எழுதி ஒட்ட ஆரம்பித்து, நூற்றுப் பன்னிரண்டு வரை போய், முதல் எண் எது என்று மறந்து உட்கார்ந்துவிட்டார். டவுனிலிருந்து ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்தோம். அவர் குனிந்து ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத யாரு பண்ணுனாகளோ அவுகளத்தான் கூப்பிடணும்" என்றார்.

"கூப்பிட்டுப் பாக்கோம். வர மாட்டேங்காரு" என்றேன். சார் என்னை முறைத்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

பொங்கலுக்கு முந்திய கடைசி ஞாயிறு. மேசைக்கு அடியில் இனி நுழைய என் இடுப்பு சம்மதிக்கவில்லை. நிற்கவும் முடியாமல், அதுவரை இருவரும் தொடாமல் வைத்திருந்த உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கன்ட்ரோலர் ரயிலை ஓட்டுகிற நிலைக்குத் திருகியபடியே இருந்தது. சார் பாலத்தின் மேல் குனிந்து தண்டவாளத்தை ஒரு ஊசியால் நெம்பிக்கொண்டிருந்தார். காப்பியோடு வந்த மதினி, நான் எட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மேசையோட ஒட்டிப் போட்டுக்கிடுங்க தம்பி. அவுக அப்படித்தான் உக்காருவாக" என்றார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வலது முழங்காலில் ஏதோ இடித்தது.

ரயில் கிளம்பியது.

"ஓடுது! ஓடுது வே!" ஜெபராஜ் சார் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். "நான் தொட்டேன், ஓடுது! அப்பமே சொன்னேன்லா, கோளாறு தண்டவாளத்துலதான்னு! இவரு கீழ கெடந்து ஈயம் ஈயம்னு உருக்கிக்கிட்டுக் கெடக்காரு!"

ரயில் பாலத்தைத் தாண்டி அம்பாசமுத்திரம் போய், வளைந்து, நெல்லைக்கு வந்தது. மதினி தட்டைக் கீழே வைக்காமலே நின்று முழுச் சுற்றும் பார்த்தார்கள். "இம்புட்டு வருசமா கீழ இருந்து சத்தந்தான் கேட்டிருக்கேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாருக்கு மட்டும் இரண்டு வடை கூடுதலாகக் கொண்டு வந்தார்கள்.

எல்லாரும் இறங்கிப் போனதும் நான் குனிந்து பார்த்தேன். உங்கள் முழங்காலுக்கு நேராக, மேசைச் சட்டத்தின் உள்பக்கம், பாலத்தையே பார்த்துப் படுத்த நான் ஒருநாளும் கவனிக்காத மூலையில், பழைய கறுப்புச் சுவிட்ச் ஒன்று. அதிலிருந்து போன ஒற்றைச் சிவப்பு ஒயர் சட்டத்தை ஒட்டியே ஓடி, பாலத்துக்கு அடியில் முடிந்தது. தட்டினால் சத்தம் வராமல் இருக்க அதன் குமிழைச் சுற்றிக் கிரீஸ். என் வேட்டியில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

அன்று அங்கேயே தரையில் உட்கார்ந்து உங்களை வாய்விட்டு ஏசினேன். என் இடுப்பு, என் சாப்பாட்டு மேசை, என் மன்னிப்பு இரண்டு. எத்தனை ஞாயிறு, நாங்கள் எழுந்திருக்கிற நேரம் பார்த்து ஒரு முழங்காலை அசைத்திருக்கிறீர்கள்! இருங்கள், போகாதீர்கள் என்று வாயால் சொன்னால் இருந்திருக்க மாட்டோமா? இப்படி ஏசிக்கொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. கடைசி ஞாயிறு ரயிலை நிறுத்தியதும் நீங்கள்தான். அடுத்த வாரமும் நாங்கள் கட்டாயம் வரவேண்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வந்தோம். மூன்று மாதம் ஒரு ஞாயிறு விடாமல் வந்தோம். எழுந்து உங்கள் ஸ்டூலைத் துடைத்து, மேசையோடு ஒட்டிப் போட்டேன்.

அறை தப்பியது. ஆனால் அடுத்த ஞாயிறு என்ன நடந்தது தெரியுமா? ரயில் ஓடியது. சுற்றிச் சுற்றி ஓடியது. சாரும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தோம். காப்பி வந்தது.

"நல்லா ஓடுது."

"ஆமா சார்."

"அப்ப வரட்டுமா?"

பதினொன்றே முக்காலுக்கு மாடி காலி. அதற்கடுத்த ஞாயிறு, கோயிலில் ஏதோ கூட்டம் என்று சார் வரவில்லை. வேம்பா புங்கையா என்று நான் யாரோடு சண்டை போட?

மூன்றாவது ஞாயிறு வந்தார். காப்பி குடித்தார். அடிக்கோலைப் பைக்குள் வைத்தார். நான் உங்கள் ஸ்டூலில், மேசையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். முழங்காலை லேசாக அசைத்தேன். ரயில் பாலத்து நடுவில் நின்றது.

ஜெபராஜ் சாருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்துவிட்டது. பையைக் கீழே போட்டார், ஊசியை எடுத்தார். "எனக்குத் தெரியும் வே! அந்த இடம் சரியில்ல! நீரு நகரும், நான் பாக்கேன்!" ஒன்றரை மணி வரை பேசினோம். நடுவில் சேரன்மாதேவி மரமும் வந்தது. இப்போது அவர் அரசமரம் என்கிறார்.

அன்றிலிருந்து வாராவாரம் இதே பிழைப்பு. ரயிலை நிறுத்துவது நான், சரிசெய்கிற பெருமை அவருக்கு. கோயிலில் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். ஒருவர் என்னிடமே வந்து, "சார் இல்லன்னா உங்க ரயிலு ஓடாதாமே" என்றார். நான் தலையாட்டினேன். என் வாயில் ஒரு விஷயம் ஒரு பகல் தங்காது என்பது ஊருக்கே தெரியும். இப்படி ஒரு ஆளுக்கு இப்படி ஒரு ரகசியத்தை விட்டுவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது? யாரிடமாவது சொன்னால் சாரின் முகம் போய்விடும், ஞாயிறும் போய்விடும். இதை எழுதிவைப்பதில் மட்டும் பயமில்லை. சார் வேதாகமத்தையும் ரயில்வே கால அட்டவணையையும் தவிர வேறு எதையும் படிப்பதில்லை.

கல்லருகே நின்ற என் மனைவிக்கு நான் பதில் சொல்லவேண்டியிருந்தது. "காப்பி சிந்திட்டு" என்றேன். அவள் வேட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு என்னை முகர்கிற மாதிரி பார்த்தாள்.

"எந்தக் காப்பியில கிரீஸ் வாசம் வருது?"

உள்ளே வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் ஞாயிறு. இன்னொரு வேட்டி கறையாகப் போகிறது, அவள் இன்னொரு முறை கேட்கப் போகிறாள். பதினோரு வருடம் நீங்கள் மதினியிடம் என்ன சொல்லித்தான் சமாளித்தீர்கள், அண்ணாச்சி? அதையாவது ஒரு சீட்டில் எழுதி அந்தச் சுவிட்சுப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கக் கூடாதா?